வீட்டைத் தூக்கினோம்... பிள்ளையாரை மறந்தோம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பார்க்கில் நடந்துகொண்டிருந்தேன். மங்கி குல்லாவும் கைத்தடியுமாக எதிரே வந்த பெரியவர் ஒருவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"ஏம்மா... ஊட்டத் தூக்குன அம்மா நீங்கதானா?"

என்னமோ நான் மூட்டை தூக்குகிற மாதிரி வீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனதுபோல ஒரு கேள்வி! ஆனால் பாருங்கள், எனக்குக் கோபமே வரவில்லை. பெருமைதான் வந்தது. "ஆமாங்க, நான்தான். நாலு அடி!" என்றேன்.

மீஞ்சூரில் இப்போது எனக்கு இதுதான் அடையாளம். இத்தனை வருஷமாக வாராவாரம் பத்தி எழுதுகிறேனே, அதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டைத் தூக்கின அம்மா என்று சொல்லுங்கள்... ஸ்டேஷன் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார்.

சரி, கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மின் நிலையத்தில் வேலை. கல்யாணமான நாளிலிருந்தே குவார்ட்டர்ஸ் வாசம்தான். ஊர் ஊராக மாறி, கடைசியாக வள்ளூர் பக்கம் வந்து சேர்ந்தோம். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்குத் தெரியும் - சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும். கறிவேப்பிலைச் செடி வைத்தால், அது மரமாகும்போது அடுத்து வருகிறவர் பறித்துக்கொண்டிருப்பார். ஐப்பசியோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், சொந்தம் என்று சொல்லி நிற்க ஒரு வாசற்படி கிடையாது.

எனவே வீடு தேட ஆரம்பித்தோம். அவருக்கு ஃபிளாட் போதும். "லிஃப்ட் இருக்கும், வாட்ச்மேன் இருப்பான், நிம்மதி" என்றார். எனக்கு மரம் வேண்டும். காலையில் கதவைத் திறந்தால் பச்சையாக ஏதாவது கண்ணில் பட வேண்டும்.

இந்த ஆசையை நான் புரோக்கர்களிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. அப்புறம் எங்கே போனாலும் 'பார்க் ஃபேசிங்'தான்! கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு மனைப்பிரிவில், "பார்க் எங்கேப்பா?" என்று கேட்டேன். அந்தத் தம்பி ஒரு முள்ளுக்காட்டைக் காட்டி, "அதான் மேடம். வரப்போவுது" என்றான். இரண்டு எருமைகள் மட்டும் அந்தப் பார்க்கை அனுபவித்துக்கொண்டிருந்தன.

கடைசியில்தான் இந்த மீஞ்சூர் வீட்டுக்கு வந்தோம். பழைய லேஅவுட். அகலமான ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிஜமான பார்க்! நாவல் மரம், புங்க மரம், சிமென்ட் பெஞ்சு, உடற்பயிற்சிக் கருவிகள், அதில் ஏறி நின்று ஊர்க்கதை பேசும் பெண்கள்... பார்க்கைப் பார்த்தபோதே வீட்டை வாங்கிவிட்டேன். வீட்டை அப்புறம்தான் பார்த்தேன்.

வீடும் சும்மா சொல்லக்கூடாது. தேக்குக் கதவு. ஜன்னல் கிரில்லில் சூரியன் உதிக்கிற டிசைன். கொல்லையில் கொய்யா மரம். எல்லா அறையிலும் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் கரும்பச்சை பெயின்ட், மேலே வெள்ளை. "பார்த்தீங்களா, எவ்வளவு ரசனை!" என்று அவரிடம் சிலாகித்தேன். விற்கிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் எங்க பெரிய பையன் ஐடியாங்க" என்றார்.

நாங்கள் வீடு பார்க்கப் போனது கத்திரி வெயிலில். வாசகர்களே, மாப்பிள்ளையைச் சம்பளத் தேதியில் பார்க்கக் கூடாது. வீட்டைச் சித்திரையில் பார்க்கக் கூடாது!

பத்திரப் பதிவு முடிந்து, சாவியோடு ஆசை ஆசையாகப் போய் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் கஸ்தூரி. ஸ்டேஷன் வாசலில் காலை நாஷ்டா கடை போடுகிறாள். வீட்டைச் சுற்றிக் காட்டினேன். பச்சை பெயின்ட்டைப் பெருமையாகக் காட்டினேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா, டிசைன்னு நெனச்சிக்கினியா? தண்ணி நின்ன மட்டம்க்கா அது. கறை தெரியக்கூடாதுன்னு பச்ச அட்ச்சி வச்சிக்கிறாங்க" என்றாள்.

கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் கண் திறந்தது. ரோடு மேலே இருக்கிறது. வீடு கீழே இருக்கிறது! கட்டின காலத்தில் ரோட்டைவிட உயரமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் ரோடு போட்டார்கள். அதன் மேலேயே இன்னொரு ரோடு போட்டார்கள். அதன் மேலேயும் போட்டார்கள். நம் ஊரில் ரோடுகள் மட்டும்தான் விடாமல் வளர்கின்றன. வீடு பாவம், கட்டின இடத்திலேயே நின்று பள்ளத்துக்குப் போய்விட்டது.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம். அவரிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. ஓர் இன்ஜினீயரை அழைத்து வந்தார். அந்தப் பிள்ளை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இடிச்சிடுங்க மேடம். கீழ கார் பார்க்கிங், மேல வீடு. ஜம்முனு கட்டலாம்" என்றது. கட்டி முடிக்க ஒரு வருஷம் ஆகுமாம். எங்களுக்கு ஐப்பசி வரைதான் கூரை. இடித்துக் கட்டுகிற அளவுக்குக் கையில் தெம்பும் கிடையாது. இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டு வாங்கிய வீடு அது.

இந்த நேரத்தில்தான் வந்தார் பாஸ்கர். ஆரம்பாக்கத்துக்காரர். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிற கான்ட்ராக்டர். நான் முதலில் நம்பவே இல்லை. பஞ்சரான லாரிக்குத்தானே ஜாக்கி?

"வீட்டுக்கும் உண்டும்மா. சுவத்துக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா ஒடச்சி, இரும்பு குடுத்து, ஜாக்கி சொருவிக்கினே வருவோம். எல்லாத்தையும் ஒண்ணா திருப்பினா, ஊடு அப்டியே எழுந்துக்கும். அப்பால அடியில செங்கல் கட்டி ஜாக்கிய உருவிடுவோம். பேஜாரே இல்ல" என்றார்.

"சுவர் விரிசல் விட்டால்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வுடாது சார். வுட்டா... அப்ப இடிச்சிக்கலாம்" என்றார் பாஸ்கர், ரொம்ப சாதாரணமாக.

அதாவது இதுதான் நிலவரம். தூக்கினால் ஐப்பசியில் குடி போகலாம். விரிசல் விட்டால் வீடும் போச்சு, போட்டதும் போச்சு. இரவெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? தூக்கிடலாம்."

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் சொல்கிறேன் - தூக்கிப் பார்!

ஆவணி பிறந்ததும் வேலை ஆரம்பித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. கஸ்தூரி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானாகப் போய், "என்ன கஸ்தூரி?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. இத்தினி நாளு தண்ணி ரெண்டு ஊட்லயும் பாதி பாதி நின்னுச்சி. நீ ஏறிக்கினா உன் பாதி எங்க போவும்? எங்க ஊட்டுக்குத்தான வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? நான் இதை யோசிக்கவே இல்லையே! என் வீட்டுக்காரர், இரண்டு வீட்டுக்கும் நடுவே பார்க் பக்கத்து வாய்க்கால் வரைக்கும் பெரிய குழாய் ஒன்று போட்டுத் தருவதாகச் சொன்னார். போட்டும் கொடுத்தார். கஸ்தூரி குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாப்போம்" என்றாள். அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாக நின்றது. எந்த ஊரிலும் ஒட்டாமல் வாழ்ந்தாயிற்று. இந்த ஒரு தெருவிலாவது ஒட்ட வேண்டும் என்று வந்தால், வந்ததுமே பகையா?

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு வீட்டைத் தூக்க ஆரம்பித்தார்கள். சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கிகள். ஒவ்வொரு மூலையிலும் வட நாட்டுப் பையன்கள். பாஸ்கர் பார்க் பெஞ்சில் ஏறி நின்று விசில் ஊதுவார். ஒரு விசிலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று. வீட்டுக்குள்ளிருந்து 'க்ர்ர்ர்' என்று சத்தம் வரும். எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும். அடுத்த விசில்...

கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் காலையில் நான் சுவரில் முழங்கால் உயரத்தில் போட்ட சாக்பீஸ் கோடு, சாயங்காலம் என் தோளுக்கு வந்திருந்தது. விரிசல்? ஒரு கோடுகூட இல்லை! ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. நான் பார்க் ஓரத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் - எதற்கும் வாய் திறக்காத மனுஷர் - முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "நம்ம வீடுங்க, நம்ம வீடு!" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மிச்சத்தையும் தூக்க வேண்டும். பாஸ்கர் விசிலை வாயில் வைத்த நேரம்.

"நிறுத்து!"

கஸ்தூரி. நாஷ்டா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள் போல. கையில் கரண்டி.

எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஒரு தெரு நேராக வந்து முட்டித் திரும்புகிறது. தெருக்குத்து. அதற்குப் பரிகாரமாக, காம்பவுண்டு சுவரில் மாடம் வைத்து ஒரு குட்டிப் பிள்ளையாரைப் பதித்திருக்கிறார்கள். சுவர் எங்களுடையது என்றாலும் சாமி தெருவுக்கே பொது. பரீட்சை என்றால் பிள்ளைகள் தோப்புக்கரணம் போடுவதும், வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்குவதும் அங்கேதான்.

கஸ்தூரி கரண்டியால் வீட்டைக் காட்டினாள். அப்புறம் பிள்ளையாரைக் காட்டினாள். "நல்லா பாருக்கா. நீ நடக்கப்போற தர எங்க கீது? புள்ளையாரு தல எங்க கீது? அவரு தலைக்கு மேல காலு வச்சி நடப்பியா?"

பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. காம்பவுண்டு சுவர் எங்கள் கான்ட்ராக்டில் கிடையாது. வீடு மட்டும்தான். வீடு ஜம்மென்று மேலே போய்விட்டது. பிள்ளையார் ரோட்டோரத்தில் முழங்கால் உயரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்! இன்ஜினீயர் பார்த்தார், கான்ட்ராக்டர் பார்த்தார், மின் நிலையத்தில் கண்காணிப்பு வேலை செய்கிற என் வீட்டுக்காரர் தினமும் பார்த்தார். ஒருவருக்கும் தோன்றவில்லையே!

பாஸ்கர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். தமிழ் தெரியாத அந்தப் பையன்களுக்கும் விஷயம் எப்படியோ புரிந்துவிட்டது. ஜாக்கியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். இனிமேல் தூக்க மாட்டார்கள். வீடு அந்தரத்தில் நிற்கிறது. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஈரம் இறங்கினால் ஜாக்கி நிற்கிற மண் இளகும் என்று பாஸ்கரே முணுமுணுத்தார்.

சாமியைப் பெயர்த்து உயரமாக வைத்துவிடலாமா? கோயில் குருக்களுக்கு போன் போட்டேன். "பேக்கறதுன்னா சும்மாவா? நாள் பாக்கணும், கலசம் வெக்கணும். இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. அதுக்கப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

நான் பார்க் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அழுதேன், எல்லார் முன்னாலும். இதில் என்ன வெட்கம்?

அதைப் பார்த்துக் கஸ்தூரிக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு பாஸ்கரிடம் போனாள். "ஏன்யா, இம்மாம் பெரிய ஊட்ட நவுத்தாம தூக்குற... ஒரு புள்ளையாரத் தூக்க மாட்டியா? அவரு எங்கயும் போவத் தேவல. இருக்குற எடத்துலயே ஏறட்டுமே!"

பாஸ்கர் குனிந்து பிள்ளையாருக்கு அடியில் சுவரைத் தட்டிப் பார்த்தார். போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. மறுபடி குருக்களைக் கூப்பிட்டு, இருந்த இடத்திலேயே தூக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஜாக்கியைப் பத்தி சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலையே..." என்று இழுத்தார். "இருக்கற எடத்துலதானே இருக்கார்? பெயர்க்கலையே? அப்போ பாதகமில்லை. ஒரு தேங்கா ஒடைச்சுட்டுப் பண்ணுங்கோ."

அப்புறம் நடந்ததை நான் எப்படி எழுதுவேன்! தேங்காய் வந்தது, சூடம் வந்தது, யாரோ வீட்டிலிருந்து கொழுக்கட்டைகூட வந்தது. சுவரை இரண்டு பக்கமும் அறுத்து, பிள்ளையார் இருக்கும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அடியில் ஜாக்கி கொடுத்தார்கள். பாஸ்கர் செருப்பைக் கழற்றிவிட்டு ஜாக்கிக் கம்பியைப் பிடிக்கப் போனார். "இரு இரு, நாங்க தூக்குறோம்" என்று தெருவே முன்னால் வந்து நின்றது. தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி, ஆளுக்கு ஒரு சுற்று! ஷேர் ஆட்டோக்காரர், டியூஷன் டீச்சர், பார்க்கில் நடக்க வந்தவர்கள், ஹிந்திப் பையன்கள்... பாஸ்கர் தொண்டை கட்டக் கட்ட, "மெதுவா நைனா, மெதுவா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு சுற்றுக் கிடைத்தது. கம்பியைப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவள் கஸ்தூரி. "தம் புட்ச்சிக்கோக்கா" என்றாள். பிள்ளையார் கம்பீரமாக மேலே ஏறினார். அவர் ஏறி முடித்த பிறகுதான் வீடு மிச்சத்தை ஏறியது. மழை அன்றைக்கு ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

ஐப்பசிக் கடைசியில் பால் காய்ச்சினோம். முதல் வேலையாகச் சுவரில் ஆணி அடித்தேன். ஒன்றல்ல, கைக்கு வந்த இடத்திலெல்லாம் அடித்தேன். "போதும்மா, சுவரைத் தூக்கினதே பெரிசு" என்றார் அவர்.

கார்த்திகையில் வந்தது பாருங்கள், மழை! ராத்திரி பிடித்தது, விடியும்வரை விடவில்லை. வெளிச்சம் வந்ததும் கதவைத் திறந்தேன். பார்க்கே குளமாகிவிட்டது. பெஞ்சு முதுகுகள் மட்டும் தெரிந்தன. வாய்க்கால் நிரம்பி, நாங்கள் போட்ட குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை!

குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்குள் பாத்திரங்கள் மிதந்து ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. என்னால் குதிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கேஸ் சிலிண்டரோடு அவர் திரும்பி வர, பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் கஸ்தூரி. தலையில் மாவு அண்டா. நேராக எங்கள் படியில் ஏறினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"கஸ்தூரி... எங்க பாதித் தண்ணியும் உன் வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் அண்டாவை இறக்கி வைத்தாள். முந்தானையைப் பிழிந்தாள். "அட போக்கா. போன தபா ரெண்டு ஊடும் முழுவிப் போயி, கொயந்தைங்கள இட்டுக்கினு ரயில்வே ஸ்டேஷன்ல ஒக்காந்துக்கினு இருந்தோம். இப்போ ஏறி நிக்க ஒரு ஊடாவது கீதே!"

சொல்லிவிட்டு, "அடுப்பு எங்க கீது?" என்று கேட்டபடி சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்குத் தெருவில் பாதிப் பேருக்கு நாஷ்டா எங்கள் வீட்டில்தான். புது டைல்ஸ் முழுக்கச் சேற்றுக்கால்கள். நான் துடைக்கவே இல்லை.

சொந்த வீடு என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் - பக்கத்து வீட்டுக்காரி காலிங் பெல் அடிக்காமல் ஏறி வர வேண்டும்!